காற்றாலைக்குக் கட்டளை இடும்போது

மின்சாரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால், நீர்மின் நிலையத்தில் சுழலிக்குப் போகும் தண்ணீரைக் கூட்டிக் குறைத்தால் போதும். ஆனால் காற்றைத் தேக்கிவைக்க வழியில்லை. மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கணவாயிலும் காற்று வீசி அடிக்கும்போது, மின்தேவை குறைந்தால் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நிலை வருகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய பிறகும் 'ஓடு', 'நில்' என்ற இரண்டே கட்டளைகளோடு காலம் தள்ள முடியாது. கேட்ட அளவு மட்டும் தரும்படி காற்றாலைகளை இயக்க வேண்டும். அப்படி இயக்கும்போது இயந்திரம் தாங்கும் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

காற்றின் வேகம் பத்து விழுக்காடு கூடினால், அதிலுள்ள ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எனவே உற்பத்தியை ஒரே அளவில் நிலைநிறுத்த, இறக்கைகள் தம் அச்சில் சற்றே திரும்பிக் காற்றை நழுவ விடுகின்றன. இறக்கை திரும்பினால் மின்சாரம் மட்டுமல்ல, கோபுரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விசையும் மாறும். சட்டென்று திருப்பினால், வளைந்து நின்ற கோபுரம் முன்னோக்கி வந்து ஊசலாடும். அதன் இயல்பான ஊசலோடு கட்டளைகளின் தாளமும் ஒத்துப்போனால் ஆட்டம் பெருகும். இப்படி லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும்போதுதான் உலோகம் களைத்து விரிசல் விடுகிறது. கோபுர உச்சியின் அதிர்வை உணர்கருவி அளந்து சொன்னால், கணினி இறக்கையை நிதானமாகத் திருப்பி அந்த ஆட்டத்தை அடக்கும்.

காற்றை வீணாக்கலாமா என்று கேட்பார்கள். வாங்க ஆளில்லாத நேரத்தில் ஆலையை முழுதாக நிறுத்தினாலும் அந்தக் காற்று வீண்தான். பாதி அளவில் ஓடும் ஆலையோ, தேவை ஏறியதும் நொடிகளில் கைகொடுக்கும். அடிக்கடி திருப்பினால் இறக்கையின் தாங்கிகள் தேயுமே என்ற கவலை நியாயமானது. அதற்காகத்தான் கட்டளையை எல்லா ஆலைகளுக்கும் சமமாகப் பிரிக்கக் கூடாது என்கிறேன். முன்வரிசை ஆலைகள் கலக்கிவிட்ட காற்று பின்வரிசையை உலுக்குகிறது. முன்வரிசை சற்றுத் தணிந்து ஓடினால் பின்வரிசைக்குக் காற்று மிஞ்சும், அதிர்வும் குறையும். ஏற்கெனவே களைத்த ஆலைக்குக் குறைந்த பங்கும், திடமான ஆலைக்குக் கூடுதல் பங்கும் கொடுத்தாலும் மொத்த மின்சாரம் மாறாது; காற்றாலைப் பண்ணையின் ஆயுள் நீளும்.

பழைய சிறு ஆலைகள் பலவற்றில் இறக்கையைத் திருப்பும் வசதியே இல்லை என்பது உண்மை. ஆனால் அவற்றை மாற்றவும் புதுப்பிக்கவும் தமிழ்நாடு அரசு 2024-இல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. புதிதாக நிறுவும் ஒவ்வோர் ஆலைக்கும் கட்டளைக்கு இணங்கும் திறனையும் சுமைப் பதிவையும் இப்போதே நிபந்தனையாக்கிவிட வேண்டும். நிறுவிய ஆலைகள் இருபது ஆண்டுகளாவது நிற்கும்; இன்று விட்டுவிட்டால், அத்தனை ஆண்டுகளும் நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.