தீவுகளின் தண்ணீர்க் கணக்கு

நுழையும்முன்

நாற்புறமும் நீர் சூழ்ந்திருந்தும் பருகுவதற்கு நீரின்றித் தவிக்கும் நிலம் தீவு. அங்கு வாழ்வோர் வானத்தைப் பார்ப்பதோடு நில்லாமல் வீட்டுக் குழாயையும் உற்றுநோக்கக் கற்றுக்கொண்டனர். அவர்கள் கற்றதை எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

குழித்துறையில் வாழ்வோர்க்குத் தண்ணீர்ப் பஞ்சம் என்னும் சொல் சற்று அயலாகவே ஒலிக்கும். மேற்குத்தொடர்ச்சி மலையில் பிறந்து வரும் தாமிரபரணி ஊரை ஒட்டி ஓடித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு கலக்கிறது. இது நெல்லைச் சீமையின் பொருநை அன்று; குமரி மாவட்டத்திற்கே உரிய, குழித்துறையாறு என்றும் வழங்கப்பெறும் ஆறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இம்மண்ணை நனைக்கின்றன. ஆடி அமாவாசையன்று ஆற்றங்கரையில் திரளும் கூட்டமும் அதனையொட்டி நடைபெறும் வாவுபலிப் பொருட்காட்சியும் ஆற்றுக்கும் ஊருக்கும் உள்ள உறவைக் காட்டும். ஆயினும் இதே ஆறு கடலை நெருங்குமிடத்தில், கோடையில் நீரோட்டம் மெலியும்போது, உவர்நீர் ஆற்றுக்குள் ஏறி வருகிறது. அதைத் தடுப்பதற்காகவே பரக்காணியில் தடுப்பணை கட்ட நேர்ந்தது. நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையிலான எல்லைப் பூசல் இங்கே ஆற்றுமுகத்தில் நிகழ்கிறது. தீவுகளிலோ அது வீட்டுக் கிணற்றுக்குள்ளேயே நிகழ்கிறது.

மிதக்கும் நன்னீர்

இலட்சத்தீவுகள் பவளப்பாறைகளால் ஆனவை. அங்கே ஆறில்லை, அணை கட்ட மலையில்லை. பெய்யும் மழை நுண்துளைகள் நிறைந்த மணலுக்குள் இறங்கி, கீழே ஏற்கெனவே ஊடுருவியிருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. உப்பு கரைந்த கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு அடர்த்தி மிக்கது. ஆகவே இலேசான நன்னீர் மேலே நிற்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் காணப்படும் இந்நன்னீர்ப் படலத்தின் வடிவம் உருப்பெருக்கும் ஆடியின் வில்லையை ஒத்தது. யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்திலும் கிணற்றுநீர் இவ்வாறே கடல்நீரின்மேல் தங்கியுள்ளது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடல்மட்டத்திற்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், கோட்பாட்டளவில் கடல்மட்டத்திற்குக் கீழே நாற்பது மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கைத் திருப்பிப் பார்த்தால்தான் அச்சம் தோன்றும். மிகுதியாக இறைத்து நீர்மட்டத்தைப் பத்துச் சென்டிமீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து கடல்நீர் நான்கு மீட்டர் மேலெழும். கிணறு வற்றுவதில்லை, அதில் தண்ணீர் நிறைந்தே இருக்கும். ஆனால் அது உவர்க்கும். வற்றிய கிணறு ஒரு நல்ல மழையில் நிறைந்துவிடும். உவர்த்த கிணறு இனிமை பெறப் பல பருவங்கள் காத்திருக்க வேண்டும்.

இதற்கு மாற்றாகச் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் 2005ஆம் ஆண்டில் கவரத்தியில் ஓர் ஆலையை நிறுவியது. அது நாளொன்றுக்கு ஓர் இலட்சம் லிட்டர் நன்னீர் தரவல்லது. வெதுவெதுப்பான மேற்பரப்புக் கடல்நீரைக் காற்றழுத்தம் குறைந்த கலத்தினுள் செலுத்தினால் அது அடுப்பேற்றாமலே ஆவியாகும். ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றப்படும் குளிர்ந்த கடல்நீர் அவ்வாவியைக் குளிர்வித்து நன்னீராக்கும். வியக்கத்தக்க முறைதான்; எனினும் இதற்கு மின்சாரம் வேண்டும். தீவில் மின்னாக்கிகளை இயக்கும் டீசலோ கப்பலேறி வரவேண்டும். இத்தனை பாடுபட்டு உண்டாக்கிய நீர் பழுதுபட்ட குழாய்வழியே மணலுக்குள் இறங்குமானால், இழந்தது நீர் மட்டுமா?

உடைந்த குழாய்களும் வீழ்ந்த நகரும்

நீரைச் சேமிப்பது பற்றிய பேச்சில் அணைகளுக்கும் ஏரிகளுக்கும் கிடைக்கும் மதிப்பு குழாய்களுக்குக் கிடைப்பதில்லை. குழாயின் அருமையைக் கடுமையான வழியில் உணர்ந்த தீவு சிங்கப்பூர். தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. மழைக்குக் குறைவில்லை; அதைத் தேக்கிவைக்க நிலந்தான் இல்லை.

1942 சனவரி 31 அன்று பின்வாங்கிய பிரித்தானியப் படையினர், தீவை மலாய் நிலத்தோடு இணைத்த தரைப்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். அதன்மீது சென்ற நீர்க்குழாயும் அறுபட்டது. தீவினுள் இருந்த நீர்த்தேக்கங்களை நோக்கி சப்பானியப் படை முன்னேறியது. நகருக்குள் குண்டுவீச்சால் குழாய்கள் சிதைந்தன. நிலையங்களிலிருந்து செலுத்தப்பட்ட நீரின் பெரும்பகுதி வீடுகளை அடையாமல் தெருக்களில் ஓடி வீணாயிற்று. பிப்ரவரி 15 அன்று நகரம் சரணடைந்ததற்கு நீர்வழங்கல் குலைந்ததும் ஒரு முதன்மையான காரணம்.

போருக்குப் பின்னரும் தொல்லை நீங்கவில்லை. 1963இல் மழை பொய்த்தபோது பல மாதங்கள் நீர்ப் பங்கீடு நடைமுறையில் இருந்தது. 1961, 1962 ஆகிய ஆண்டுகளில் செய்துகொண்ட உடன்பாடுகளின்படி சிங்கப்பூர் மலேசியாவின் சொகூர் மாநிலத்திலிருந்து நீர் பெற்றது. முதல் உடன்பாடு 2011இல் முடிவுற்றது. மற்றது 2061வரை நடப்பிலிருக்கும். அண்டைநாட்டுக் குழாயையே முழுதும் நம்பியிருத்தல் தகாது எனக் கண்ட அரசு, உள்நாட்டு மழைநீர், அயல்நாட்டு நீர், கழிவுநீரைத் தூய்மையாக்கி 2003 முதல் வழங்கிவரும் ‘நியூவாட்டர்’, உவர்நீக்கிய கடல்நீர் ஆகிய நான்கையும் ‘நான்கு குழாய்கள்’ எனப் பெயரிட்டுப் பேணி வருகிறது. இந்நான்கும் உலகறிந்தவை. வீட்டுக்குள்ளும் தெருவுக்கடியிலும் நிகழ்ந்த மாற்றங்கள் அத்துணை அறியப்படவில்லை.

நீர்வழங்கலுக்குப் பொறுப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் துருப்பிடிக்கும் பழைய இரும்புக் குழாய்களை அகற்றி, உட்புறம் சிமெண்டுப் பூச்சுடைய குழாய்களையும் செம்பு, துருவுறா எஃகு ஆகியவற்றாலான குழாய்களையும் பதித்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் அளவுமானி பொருத்தியது. நகரம் உறங்கும் நள்ளிரவில் நீர்ப்பயன்பாடு மிகவும் குறையும்; அவ்வேளையிலும் ஒரு பகுதியில் மிகுதியான நீரோட்டம் பதிவானால் அங்கே கசிவு உண்டு என்பது தெளிவு. மருத்துவர் நெஞ்சில் கருவி வைத்துக் கேட்பது போல, பணியாளர்கள் குழாய்மீது கேட்புக்கோலை ஊன்றி, நீர் பீறிடும் ஓசையைக் கொண்டே கசிவுள்ள இடத்தைக் கண்டறிந்தனர். 1990ஆம் ஆண்டளவில் ஏறத்தாழப் பத்து விழுக்காடாக இருந்த நீரிழப்பு, பின்னர் ஐந்து விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தது.

வீட்டுக்குள் முதலில் கைவைக்கப்பட்டது கழிப்பறையில். ஒருமுறைக்கு 9 லிட்டர் நீர் விட்ட தொட்டிகளுக்கு மாறாக, 3.5 முதல் 4.5 லிட்டர் வரை மட்டுமே விடும் தொட்டிகள் 1992 முதல் புதிய அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொருத்தப்பட்டன. குழாய் முதலிய பொருள்களின்மீது அவற்றின் நீர்ச்சிக்கனத்தைக் காட்டும் முத்திரைச்சீட்டு 2006இல் விருப்பத்தின்பேரிலும் 2009இல் கட்டாயமாகவும் அறிமுகமானது. 1991 முதல் நீர்ச்சேமிப்பு வரியும் விதிக்கப்பட்டது. 2003இல் ஒருவர் நாளொன்றுக்கு வீட்டில் செலவிட்ட நீர் 165 லிட்டர். 2018இல் அது 141 லிட்டர். பெருந்தொற்றின் காரணமாக மக்கள் வீட்டிலேயே இருந்த 2020இல் மீண்டும் 154 லிட்டராக உயர்ந்தது. கருவி மாறினாலும் கைப்பழக்கம் கணக்கில் சேரும் என்பதற்கு இவ்வுயர்வே சான்று.

தெரிந்து தெளிவோம்

இந்திய நகரங்களில் கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள வீடுகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் எனக் கணக்கிடுவது வழக்கம். அதில் 45 லிட்டர், அதாவது மூன்றில் ஒரு பங்கு, கழிப்பறைத் தொட்டிக்கே போய்விடுகிறது!

சொட்டின் கணக்கு

திருகுக் குழாயின் உள்ளே நீரை அடைத்து நிற்பது, காசளவே உள்ள ஒரு ரப்பர் வளையம். இதனைத் தொழிலாளர் வாஷர் என்பர். அது தேய்ந்தால் குழாய் சொட்டும். இறுக்கித் திருகினால் சொட்டு நிற்கும். ஆனால் வளையம் விரைந்து நசுங்கி, அடுத்த வாரம் முன்னினும் மிகுதியாகச் சொட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். நான்கு சொட்டு ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால் 21.6 லிட்டர், ஒரு பெரிய வாளியைவிட மிகுதி. இக்கணக்கை ஏற்குமுன் உங்கள் வீட்டுக் குழாயின் அடியில் அளவுக்குவளை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் வாயில் பொருத்தப்படும் சல்லடை போன்ற சிறுகருவி, நீரோடு காற்றைக் கலந்து தருவது. ஓட்டம் பாதியாகக் குறைந்தாலும் கைகழுவும்போது அக்குறைவு புலப்படாது. ஆனால் வாளி நிரப்பும் குழாய்க்கு இதைப் பொருத்துவது வீண். வாளி கொள்ளும் நீர் மாறாது, காத்திருக்கும் நேரமே நீளும். எக்கருவியை எங்கே பொருத்துவது என்பதில்தான் குழாய்த்தொழிலாளரின் அறிவு விளங்குகிறது. அழுத்தமும் கருதத்தக்கது. உயர்ந்த மாடியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தரைத்தளத்திற்கு இறங்கும் நீர் பேரழுத்தத்துடன் பாயும். அவ்வழுத்தத்தைப் பாதியாக்கினால், அதே அளவு திறந்த குழாயிலிருந்து வரும் நீர் ஏறத்தாழ எழுபது விழுக்காடாகக் குறையும். பொருத்துகளில் நேரும் கசிவும் உடன் குறையும்.

கழிப்பறைத் தொட்டியின் கசிவு ஓசையின்றி நிகழ்வது. ஆதலால் பல மாதங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். துணிக்குப் போடும் சொட்டுநீலத்தைச் சிறிது தொட்டி நீரில் கலந்து, அரைமணி நேரம் நீர்விடாமல் வைத்திருங்கள். பீங்கானில் நீலம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடைப்பு தேய்ந்துள்ளது. அளவுமானி உள்ள வீடாயின் இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு மானியின் எண்ணைக் குறித்துவையுங்கள். ஒருவரும் பயன்படுத்தாத நிலையில் விடியலில் அவ்வெண் மாறியிருந்தால் நீர் எங்கோ போயிருக்கிறது. அது எங்கே என்பதை ஒவ்வொரு பொருத்தாகத் தேடிக் காண வேண்டும்.