காதைத் தொங்கப்போட்ட முயல்கள்

கையை மடியில் சும்மா வையுங்கள். அசையாமல் இருக்கிறதா? சில தாத்தா பாட்டிகளுக்கு அப்படி இருக்காது. சும்மா இருக்கும்போதுதான் கை நடுங்கும். தம்ளரை எடுக்க நீட்டினால் நடுக்கம் குறைந்துவிடும்! பார்க்கின்சன் நோயின் விசித்திரம் இது. தமிழில் இந்த நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர்.

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரித்தது ஆறே ஆறு பேரை. அவர்களில் சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார். கூர்ந்து கவனித்தே அத்தனையையும் எழுதிவிட்டார். அவர் பிறந்த ஏப்ரல் 11-ஐத்தான் இப்போது உலக பார்க்கின்சன் தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

கை நடுங்குகிற எல்லோருக்கும் இந்த நோய் என்று நினைத்துவிடாதீர்கள். நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. நடுக்கமே இல்லாமலும் பார்க்கின்சன் வரலாம். உடம்பு விறைக்கும், வேலைகள் மெதுவாகும், குறுகிய அடிகளாக நடை மாறும், கையெழுத்து போகப்போகச் சிறுத்துவிடும். குரல் தணியும். முகத்தில் சிரிப்பு தெரியாது. ஆனால் மனதுக்குள் சிரிப்பார்கள்! சிலருக்கு இதற்கெல்லாம் பல ஆண்டுகள் முன்பே வாசனை தெரியாமல் போய்விடும்.

ஏன் இப்படி? நம் மூளையின் நடுப்பகுதியில் கறுப்பு நிறத்தில் ஒரு சிறு இடம் இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கை கால்கள் தடையில்லாமல், சீராக அசைய அது வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தால் டோபமைன் குறையும்; அசைவு தடுமாறும். செல்கள் ஏன் அழிகின்றன என்பது இன்னும் முழுதாகப் புரியவில்லை. இந்த நோய் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டியோ அதற்குப் பிறகோ வருகிறது. இது தொற்றுநோய் அல்ல.

டோபமைனுக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தவை முயல்கள்! நம் நாட்டு மூலிகையான சர்ப்பகந்தாவில் ரிசர்பின் என்ற மருந்துப்பொருள் உண்டு. ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன் 1957-இல் அதை முயல்களுக்குக் கொடுத்தார். மூளையில் டோபமைன் தீர்ந்துபோக, முயல்கள் காதைத் தொங்கப்போட்டு அசையாமல் கிடந்தன. பிறகு லெவோடோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். சற்று நேரத்தில் அவை எழுந்து நடமாடின! இந்த ஆராய்ச்சிக்காக 2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பலனில்லை. ரத்தத்திலிருந்து கண்ட பொருளும் மூளைக்குள் நுழையாமல் ஒரு தடுப்பு இருக்கிறது. அது டோபமைனை உள்ளே விடாது, லெவோடோபாவை விடும். உள்ளே போன லெவோடோபா அங்கே டோபமைனாக மாறிக்கொள்ளும். இன்றும் முதன்மையான மருந்து இதுதான். நோயை அது அடியோடு நீக்காது, அசைவை எளிதாக்கும். சிலருக்கு மூளைக்குள் மெல்லிய கம்பியை வைத்து மின்தூண்டல் கொடுக்கிறார்கள். உடற்பயிற்சியும் மிக முக்கியம்.

சிலருக்கு நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார்கள். "ஒண்ணு, ரெண்டு" என்று தாளம் போட்டு எண்ணுங்கள். பெரியவர்களிடம் கேட்டு, தரையில் குறுக்கே கலர் டேப் ஒட்டுங்கள். அந்தக் கோடுகளைத் தாண்டுவதாக நினைத்தால் பலருக்குக் கால் எழும்பிவிடும். சட்டைப் பொத்தான் போட அவர்களுக்கு நேரமாகும். "சீக்கிரம் தாத்தா!" என்று அவசரப்படுத்தாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள், சரியா?