ஏ.சி. மாட்டுறாங்க... நீங்க எங்கே நிக்கிறீங்க?

சித்திரை மாத மதியம். செமஸ்டர் லீவு. மதுரை - தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில், பந்தல்குடி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்குகிறீர்கள். ரோட்டில் கானல் ஓடுகிறது. கரிசக்காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வேலிக்கருவை நிழலில் ஆடுகள் மூச்சு வாங்குகின்றன. 'இந்த வெயில்ல எப்படிடா அரியர் படிக்கிறது?' என்று புலம்பிக்கொண்டே வீட்டுக்குப் போனால்... வாசலில் ரெண்டு பெரிய அட்டைப்பெட்டி. ஸ்ப்ளிட் ஏ.சி. வந்தாச்சு!

அம்மா முகத்தில் பெருமை தாங்கவில்லை. "எல்லாம் நீ படிக்கணும்னுதாம்ப்பா" என்கிறார் அப்பா. தெருவில் பாதிப் பேர் வேடிக்கை. மெக்கானிக் அண்ணன் டிரில்லிங் மெஷினோடு ரெடி. கூடவே ஹெல்பராக ஒரு பையன். கிட்டத்தட்ட உங்க வயசுதான்.

"தம்பி, அவுட்டோரை மாடிக்கு ஏத்தணும். கீழே நின்னு கயிறை மட்டும் லேசா பிடிச்சுக்கங்க..."

ஸ்டாப்! இந்தக் கட்டுரை அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

2024 ஆகஸ்ட். டெல்லி கரோல் பாக். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடி நண்பனோடு பேசிக்கொண்டிருந்தார் 18 வயது இளைஞர் ஒருவர். மாடியிலிருந்து ஒரு ஏ.சி.யின் அவுட்டோர் யூனிட் அப்படியே பெயர்ந்து அவர் தலையில் விழுந்தது. அந்த சி.சி.டி.வி. காட்சியை நாடே பார்த்து அதிர்ந்தது. அவர் பிழைக்கவில்லை.

2021 அக்டோபர். நம்ம மதுரை ஆனையூர். இரவில் ஏ.சி. போட்டுத் தூங்கிய கணவனும் மனைவியும் தீயில் கருகி இறந்தார்கள். ஏ.சி.யில் ஏற்பட்ட மின்கசிவே காரணம் என்று செய்திகள் வந்தன.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. லட்சக்கணக்கான வீடுகளில் ஏ.சி. சமர்த்தாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால், அது சமர்த்தா வில்லனா என்பது பெரும்பாலும் மாட்டுகிற அந்த ரெண்டு, மூன்று மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அப்போது கேள்வி கேட்க வேண்டிய ஆள் யார்? "அவருக்குத் தெரியாததா" என்று அப்பா ஒதுங்கிக்கொள்வார். அம்மா காபி போடப் போய்விடுவார். மீதி இருப்பது காலேஜ் படிக்கிற நீங்கதான் பாஸ்!

சிவகாசிக்குப் புரியும் கதை

அதற்கு முன் ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். ஏ.சி.யைக் கண்டுபிடித்தது மனுஷன் ஜில்லுனு தூங்குவதற்காக அல்ல. 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம். காற்றில் ஈரம் ஏறி இறங்க, காகிதம் விரிந்து சுருங்கியது. ஒரு கலர் மேல் அடுத்த கலர் சரியாக உட்காரவில்லை. நம்ம மாவட்டத்து சிவகாசி அச்சகக்காரர்களிடம் கேட்டால், அந்தக் கஷ்டத்தைக் கதை கதையாகச் சொல்வார்கள். அந்தத் தலைவலிக்கு வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினீயர் கண்டுபிடித்த வைத்தியம்தான் நவீன ஏ.சி.யின் ஆரம்பம்.

ஸ்ப்ளிட் ஏ.சி.யின் வேலை ரொம்ப சிம்பிள். அது குளிரை 'தயாரிப்பது' இல்லை. அறைக்குள் இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளுவது இன்டோர். கொட்டுவது அவுட்டோர். நடுவில் சூட்டைச் சுமக்கும் கூலியாள், காப்பர் பைப்புக்குள் ஓடும் கேஸ். இந்த மூன்றையும் இணைக்கும் வேலை வீட்டில்தான் நடக்கிறது. ஃப்ரிட்ஜ் மாதிரி கம்பெனியிலேயே சீல் ஆகி வருவதில்லை. ரிஸ்க் இருப்பதே அங்கேதான்.

கேள்வி 1: அண்ணே, சுவரு தாங்குமா?

1.5 டன் அவுட்டோர் யூனிட், மாடலைப் பொறுத்து 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். ஒரு சிமென்ட் மூட்டை 50 கிலோ. அதில் பாதிக்கும் மேல் உங்க வீட்டுச் சுவரில் பல வருஷம் தொங்கப்போகிறது. அதுவும் சும்மா இல்லை, அதிர்ந்துகொண்டே!

பழைய காரைச் சுவர், ஹாலோ பிளாக் சுவர், மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் இதிலெல்லாம் போல்ட் பிடிப்பு நம்ப முடியாதது. டிரில் போடும்போது பொடி பொடியாக மண் கொட்டினால் உஷார். மொட்டை மாடித் தரையிலேயே ஸ்டாண்டு போட்டு உட்கார வைப்பதுதான் நல்லது. சர்வீஸும் ஈஸி. சுவரில்தான் மாட்ட வேண்டும் என்றால் துருப்பிடிக்காத ஸ்டாண்டு, ஏங்கர் போல்ட், அதிர்வைத் தாங்க ரப்பர் புஷ் மூன்றும் கட்டாயம். வருஷம் ஒருமுறை துருவைப் பாருங்கள்.

ஏற்றும்போது கீழே யாரும் நிற்கக் கூடாது. கயிறு பிடிக்கிற ஆளும் நேர் கீழே நிற்காமல் தள்ளித்தான் நிற்க வேண்டும். பெல்ட் கட்டாமல் சன்ஷேடில் நின்று டிரில் போடுகிற அந்த ஹெல்பர் பையனைப் பாருங்கள். அவனுக்கும் வீட்டில் ஒரு அம்மா காத்திருக்கிறார். "அண்ணே, பெல்ட்டு கட்டிக்கங்க. லேட் ஆனாலும் பரவால்ல" என்று சொல்ல நமக்குக் காசா பணமா?

கேள்வி 2: கரன்ட் எங்கிருந்து எடுக்கிறீங்க?

1.5 டன் ஏ.சி. சுமார் 1,500 வாட்ஸுக்கு மேல் இழுக்கும். 7, 8 ஆம்பியர் கரன்ட், மணிக்கணக்காக. டி.வி. பிளக்கில் சொருகுகிற விஷயம் இல்லை இது. மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்கு என்று தனி லைன் வர வேண்டும். 1.5 டன்னுக்குப் பொதுவாக 4 சதுர மி.மீ. காப்பர் வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. போடுவார்கள். உங்க மாடலின் மேனுவலில் என்ன போட்டிருக்கிறதோ, அதுவே கடைசி வார்த்தை.

ஒயரை நடுவில் வெட்டி முறுக்கி, டேப் சுற்றுகிறாரா? விடாதீர்கள். லூஸ் கனெக்‌ஷன்தான் பல தீ விபத்துகளின் பிள்ளையார் சுழி. பிளஸ் டூ பிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரு ஜாயின்ட்டில் உண்டாகும் சூடு, கரன்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கரன்ட் ரெண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு! ஓட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து பிளக் பக்கம் கருகல் வாடை வந்தால், எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

நம்ம ஊருக்கென்றே ஒரு ஸ்பெஷல் பிரச்னை இருக்கிறது: எர்த்! அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கமெல்லாம் வானம் பார்த்த பூமி. கோடையில் மண் எலும்பாகக் காய்ந்துவிடும். காய்ந்த மண்ணில் கரன்ட் சுலபமாக இறங்காது. மழைக்காலத்தில் நன்றாக இருந்த எர்த், மே மாதத்தில் பேருக்குத்தான் இருக்கும். ஏ.சி. ஓடுவதும் அதே மே மாதம்தான்! அதனால் எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றச் சொல்வது மூடநம்பிக்கை இல்லை, பக்கா சயின்ஸ். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயின் போர்டில் இருக்கட்டும். போகிற கரன்ட்டும் திரும்புகிற கரன்ட்டும் சமமாக இல்லையென்றால், கண் இமைக்கும் நேரத்தில் கட் பண்ணிவிடும். எம்.சி.பி. முக்கியமாக ஒயரைக் காப்பாற்றும். ஆர்.சி.சி.பி. உங்களைக் காப்பாற்றும். ரெண்டும் வேறு வேறு!

கேள்வி 3: வேக்குவம் போட்டீங்களாண்ணே?

இதுதான் மெயின் மேட்டர். இன்டோரையும் அவுட்டோரையும் இணைத்தவுடன் பைப்புக்குள் வெறும் காற்றும் ஈரமும் இருக்கும். அதை உறிஞ்சி எடுக்க வேக்குவம் பம்ப் வேண்டும். சிலர் கொஞ்சம் கேஸைத் திறந்து விட்டு, 'புஸ்ஸ்...' என்று காற்றைத் தள்ளிவிட்டு, "முடிஞ்சிருச்சு தம்பி" என்பார்கள். பழைய ஆர்-22 காலத்துப் பழக்கம். இன்றைய ஆர்-32 போன்ற கேஸுக்கு அது ஆகாது. உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸர் ஆயிலைக் கெடுத்து அமிலமாக்கும். தங்கும் காற்று பிரஷரை ஏற்றிவிடும்.

பம்ப் ஒரு 15, 20 நிமிடமாவது ஓடட்டும். அப்புறம் பம்பை நிறுத்திவிட்டு கேஜ் முள்ளைப் பாருங்கள். முள் ஆடாமல் அசையாமல் நின்றால் லீக் இல்லை. மெல்ல ஏறினால் எங்கேயோ ஓட்டை. பைப் முனையை விரித்து மாட்டுகிற ஃப்ளேர் ஜாயின்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நட்டை அளவோடு இறுக்க டார்க் ரெஞ்ச் என்று ஒரு சாதனம் உண்டு. "கை கணக்கு போதும்" என்று முரட்டுத்தனமாக இறுக்கினால் காப்பர் கிழிந்துவிடும்.

ரெண்டு விஷயத்துக்கு மட்டும் 'நோ' சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, லீக் பார்க்க ஆக்சிஜன் சிலிண்டரை இணைப்பது. உள்ளே இருக்கும் ஆயிலும் ஆக்சிஜனும் சேர்ந்தால் குண்டுதான். அதற்கு நைட்ரஜன்தான் சரி. ரெண்டாவது, ஹாஸ்டல், வாடகை வீடு காலி பண்ணும்போது நாமே ஸ்பேனரை எடுத்து ஏ.சி.யைக் கழற்றுவது. கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டும்போது தப்பான பக்கத்தில் பைப்பைக் கழற்றினால், கம்ப்ரஸர் காற்றை உள்ளே இழுக்கும். காற்று, ஆயில், அழுத்தம், சூடு... டீசல் இன்ஜினுக்குள் நடப்பதே இங்கேயும் நடக்கும். கம்ப்ரஸர் வெடித்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். வீர சாகசம் வேண்டாம்.

கேஸ் லீக் ஆனா ஆள் காலியா?

ஹாஸ்டலில் அடிக்கடி நடக்கும் பட்டிமன்றம் இது. வாங்க, கணக்குப் போடுவோம். ஏ.சி.யில் ஒரு கிலோ ஆர்-32 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தமும் லீக் ஆனால் அறை வெப்பத்தில் அரை கன மீட்டருக்குள்தான் வரும். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 28 கன மீட்டர். ஆக, அறைக் காற்றில் 2 சதவிகிதம்கூட இல்லை. ஆர்-32 தீப்பிடிக்கவே சுமார் 14 சதவிகிதம் வேண்டும்.

'அப்ப பயமே இல்லையா?' என்று கேட்காதீர்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம். தரையோரமாகத் தேங்கும். பாயில் படுத்திருப்பவர் பக்கம்தான் முதலில் வரும். குட்டி அறையில் கணக்கே மாறும். நெருப்பில் பட்டால் விஷ வாயுவாகச் சிதையும். ஆர்-290 என்ற கேஸ் வந்த ஏ.சி.களும் இந்தியாவில் விற்கின்றன. அது வேறொன்றுமில்லை, சுத்தமான புரொப்பேன். நம்ம சமையல் கேஸின் சொந்தக்காரன்! இன்னொன்று, கரன்ட் போனதும் ஜெனரேட்டரை ஜன்னலோரம் ஓடவிட்டுத் தூங்குவது கேஸ் லீக்கைவிடப் பெரிய எமன். அதன் புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது.

எந்தக் கேஸ் என்று யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே போட்டிருக்கும். படித்துவிட்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். வேறு கேஸை ஏற்றவிடாதீர்கள். வேலை நடக்கும்போது பீடி, சிகரெட், ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

மாட்டியாச்சு... அப்புறம்?

அவுட்டோர் மூச்சு விட இடம் வேண்டும். பின்னால் ஒரு ஜாண், முன்னால் ரெண்டு, மூன்று அடி காலியாக இருக்கட்டும். மேற்கு வெயில் நேராக அடித்தால் மேலே மட்டும் ஒரு நிழல் போடலாம். சுற்றி மூடக் கூடாது. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் லாரியும் இருக்கும் ஊர் இது. தூசிக்குப் பஞ்சமில்லை. இன்டோர் ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை நீங்களே கழற்றிக் கழுவலாம். அதற்கு மெக்கானிக் வேண்டாம். ஆனால், எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத்தான்! பின்பக்க மூடியை மட்டும் திறக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரன்ட் தங்கியிருக்கும்.

டிரெயின் பைப்பில் சொட்டும் தண்ணீரைக் குடிக்க முடியாது. முருங்கைக்கு ஊற்றலாம். நம்ம ஊர் வறண்ட காற்றில் அதுவும் சிக்கனமாகத்தான் வரும். இந்தியாவில் 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஆன் ஆக வேண்டும் என்பது விதி. 18-க்கு இறக்கினால் சீக்கிரம் குளிராது, பில்தான் சீக்கிரம் ஏறும்.

கடைசியாக ஒன்று. நம்மில் சிலருக்கு இது வேடிக்கை பார்க்கிற வேலை இல்லை, சோறு போடுகிற வேலை. அரசு ஐ.டி.ஐ.களில் ரெஃப்ரிஜிரேஷன் - ஏ.சி. மெக்கானிக் டிரேடு ரெண்டு வருஷப் படிப்பு. படித்துவிட்டு இந்த வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் நாலு குடும்பத்தின் தூக்கத்துக்குக் காவல்காரர். அதனால் கேள்வி கேளுங்கள், ஆனால் மரியாதையோடு. நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். "பரவால்லையே தம்பி, வெவரமா கேக்குறீங்களே!" என்றுதான் சிரிப்பார்.

அவர் கயிறை நீட்டும்போது மட்டும், நேர் கீழே நிற்காதீர்கள். அந்த ஹெல்பர் தம்பியையும் கையைப் பிடித்துத் தள்ளி நிறுத்துங்கள். ராத்திரி ஜில்லுனு தூங்கலாம்... எல்லாருமே!