கதைமாந்தரைப் படைத்தல்

கதைத்தலைவன் குறையே இல்லாதவனாக இருக்க வேண்டுமா? சிலப்பதிகாரத்தைக் காண்போம். கோவலன் மனைவி கண்ணகியைப் பிரிந்து மாதவியிடம் சென்றான். செல்வம் அனைத்தையும் இழந்தான். இதை மட்டும் அறிந்தால் அவனை வெறுத்துவிடுவோம். ஆகவே, அவன் கொலையுண்பதற்கு முன்னரே, மாடலன் என்னும் அந்தணர் வாயிலாக இளங்கோவடிகள் பழைய நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறார். மதயானையிடம் சிக்கிய முதியவரைக் கோவலன் தன் உயிரையும் பொருட்படுத்தாமல் மீட்டான். இதனை அறிந்த பின்னர் அவனது இறப்பு நம்மை வருத்துகிறது.

ஆராயாமல் அவனைக் கொல்லச் செய்த பாண்டியனும் முற்றிலும் தீயவன் அல்லன். தன் பிழையை உணர்ந்த அப்பொழுதே உயிர்நீத்தான். அரசியின் சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன்மேல் சுமத்திய பொற்கொல்லனிடம் மட்டும் நற்செயல் எதுவும் காட்டப்படவில்லை.

‘நல்லவன்’, ‘தீயவன்’ என்று பெயரிடுவது எளிது. செயலைக் காட்டுவதே படைப்பு.

பயிற்சி: உங்களுக்குப் பிடிக்காத கதைமாந்தர் ஒருவர் செய்யக்கூடிய நற்செயல் ஒன்றை ஐந்து வரிகளில் எழுதுக.