வேலையை விட்டேனா, நீக்கப்பட்டேனா?

ஸ்பானிய மொழி வகுப்பில் மாதிரி நேர்முகத் தேர்வு நடந்தது. மெக்சிகோ வாடிக்கையாளர்களைக் கையாளும் நிறுவனம் ஒன்றில் வேலைப்பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்த எனக்கு அது நல்ல ஒத்திகை.

உணவகத்தில் நான் பார்த்த பகுதிநேர வேலை எப்படி முடிந்தது என்று ஆசிரியர் கேட்டார். “மே தெஸ்பிதியெரோன்” என்றேன் பெருமையாக. கடைசி நாளில் எல்லாரும் கேக் வெட்டி வழியனுப்பியதைச் சொன்னதாக எனக்கு நினைப்பு. ஆசிரியரோ, “அப்படி என்ன தவறு செய்தீர்கள்?” என்று கேட்டார்!

‘தெஸ்பெதிர்’ என்றால் வழியனுப்புவது. வேலையிலிருந்து நீக்குவதற்கும் அதே சொல்தான். வேலையைப் பற்றிய பேச்சில் இரண்டாவது பொருளே முதலில் தோன்றும். நானாக விலகியதைச் சொல்ல ‘ரெனுன்சியே’ என்றோ ‘தெஹே எல் த்ரபாஹோ’ என்றோ சொல்லியிருக்க வேண்டும்.

அன்றே வேலை தொடர்பான சொற்களுக்குத் தனிக் குறிப்பேடு போட்டேன். ‘த்ரபாஹோ’ எல்லா வகை வேலைக்கும் பொதுவான சொல். ‘எம்ப்ளேயோ’ சம்பளம் தரும் வேலை. ‘புவெஸ்தோ’ நிறுவனத்தில் ஒருவர் வகிக்கும் பதவி. தச்சு வேலை போன்ற கைத்தொழில் ‘ஒஃபிசியோ’. நாமும் வேலை, உத்தியோகம், பதவி, தொழில் என்று பிரித்துத்தானே பேசுகிறோம்?

ஆங்கிலம் போல ஒலிக்கும் சொற்களில்தான் கூடுதல் கவனம் தேவை. ‘கர்ரேரா’ என்பது வாழ்க்கைத்தொழிலைக் குறிக்கலாம். ஆனால், மாணவரிடம் அதைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கிறீர்கள் என்றே பொருள். ஓட்டப்பந்தயத்துக்கும் அதே சொல்தான். வேலைக்கு விண்ணப்பிப்பதை லத்தீன் அமெரிக்காவில் பலர் ‘அப்ளிகார்’ என்பார்கள். ‘சொலிசிதார்’ என்றால் ஸ்பெயினிலும் பொருந்தும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சிறிய வேறுபாடு. ‘சோய் கமரேரா’ என்றால் உணவகத்தில் பரிமாறுவதே என் தொழில். ‘எஸ்தோய் தே கமரேரா’ என்றால் இப்போதைக்கு அந்த வேலையைப் பார்க்கிறேன். படித்துக்கொண்டே வேலை செய்யும் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாவதுதான் சரி.

உண்மையான நேர்முகத் தேர்விலும் அதே கேள்வி வந்தது. தேர்வுக்குப் படிப்பதற்காக, “தெஹே எல் த்ரபாஹோ” என்றேன். கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எனக்கு உயிர் வந்தது.

புதிய மொழியில் வேலை தேடும் நண்பர்களே, உங்களைப் பற்றிச் சொல்லப்போகும் வாக்கியங்களை அம்மொழி அறிந்த ஒருவரிடம் முதலில் சொல்லிப் பாருங்கள். அகராதி பொருளைச் சொல்லும். கேட்பவர் மனத்தில் எந்தப் பொருள் தோன்றும் என்பதை அவரே சொல்வார்.