ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு வாய் கோயில் இட்லி சாப்பிட்டா என்ன ஆகும்? மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவே கூடாத விஷயங்கள்!

காலை 9 மணிக்கு ஆபரேஷன். விடியற்காலையிலேயே வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்வந்த சித்தி, "பெருமாள் பிரசாதம்டா, ஒரு வாய் போட்டுக்கோ" என்று கோயில் இட்லியை நீட்டுகிறார். மறுக்க மனசு வருமா? தியேட்டருக்குள் போனதும் டாக்டர் கேட்கிறார்: "ஏதாவது சாப்பிட்டீங்களா?" பதில்: "இல்ல சார்."

காஞ்சிபுரத்தில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் நடக்கக்கூடிய சின்னப் பொய்தான் இது. ஆனால் இது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஏன்? கேட்கும் அந்த டாக்டர் யார்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டாக்டர்?

'ஊசி போட்டுட்டுப் போயிடுவார்' என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில், ஆபரேஷன் முடியும் வரை நம் தலைமாட்டிலேயே இருப்பவர் மயக்கவியல் நிபுணர். எம்.பி.பி.எஸ். முடித்து, மயக்கவியலில் மேலும் 3 ஆண்டுகள் எம்.டி. அல்லது டி.என்.பி. படித்தவர். சர்ஜன் கவனம் ஆபரேஷன் செய்யும் இடத்தில். இவர் கவனமோ நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன், மூச்சு எல்லாவற்றிலும். கொரோனா காலத்தில் ஐ.சி.யூ.வில் நோயாளிகளுக்கு வென்டிலேட்டர் குழாய் பொருத்தியதில் பெரும் பங்கு இவர்களுடையதுதான்.

1846 அக்டோபர் 16-ம் தேதி, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து வலியில்லாத ஆபரேஷனைப் பொதுவில் நிரூபித்தார். அதை நினைவுகூர்ந்துதான் அந்தத் தேதி உலக மயக்கவியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

வெறும் வயிறு ஏன்?

முழு மயக்கம் என்பது தூக்கம் இல்லை. தூக்கத்தில் எச்சில் புரையேறினால் இருமி எழுந்துவிடுவோம். மயக்கத்தில் அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது. வயிற்றில் இருக்கும் உணவு மேலே வந்து, அமிலத்தோடு நுரையீரலுக்குள் இறங்கினால் மூச்சே நின்றுபோகலாம்.

பொதுவான கணக்கு இதுதான்:
• தண்ணீர் போன்ற தெளிந்த திரவம்: 2 மணி நேரம் முன்பு வரை
• தாய்ப்பால்: 4 மணி நேரம்
• பால், பால் கலந்த டீ, காபி, எளிய உணவு: 6 மணி நேரம்
• நெய், எண்ணெய், கறி சேர்ந்த உணவு: 8 மணி நேரம்

கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யும் சேர்கிறதே! அப்படியென்றால் அது 8 மணி நேரக் கணக்கு. கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நேரம் மாறலாம். உங்க டாக்டர் சொல்வதே இறுதி.

வாயைத் திறக்கச் சொல்வது எதுக்கு?

"நாக்கை நீட்டுங்க, கழுத்தை நிமிர்த்துங்க" என்பார்கள். மயக்கத்துக்குப் பிறகு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போக வழி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது.

காஞ்சிபுரத்தில் பிறந்த அறிஞர் அண்ணா, 1968-ல் நியூயார்க்கில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 1969 பிப்ரவரி 3-ல் காலமானார். அவர் பெயரில்தான் ஊருக்கு அருகே காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. வாய்ப் புற்றுநோய் வந்தவர்களில் சிலரால் வாயை இரண்டு விரல் அளவுகூட திறக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, முழு மயக்கம் கொடுக்கும் முன்பே, மரத்துப்போகும் மருந்து கொடுத்து, மூக்கு வழியாக மெல்லிய கேமரா செலுத்தி டியூப் போடுவதும் உண்டு. ஆபரேஷனிலேயே சிக்கலான நிமிஷங்கள் சில நேரம் இவைதான்.

முதுகு ஊசியால் முதுகு வலி வருமா?

"சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க, அதுலேர்ந்து தறியில உட்காரவே முடியல." நெசவாளர் வீடுகளில் இப்படிப் பேசுவதைக் கேட்கலாம். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி வரும், படுத்தால் குறையும். அதை டாக்டரிடம் உடனே சொல்லணும். ஆனால் வருஷக்கணக்கான முதுகு வலிக்கு அந்த ஊசி காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்ப காலத்தில் முதுகெலும்பு தாங்கும் பாரம், குழந்தையைக் குனிந்து தூக்குவது, குழித்தறியில் மணிக்கணக்கில் குனிந்து உட்காருவது ஆகியவற்றைத்தான் முதலில் கவனிக்கணும்.

எதையெல்லாம் மறைக்கக் கூடாது?

• கடைசியாகச் சாப்பிட்ட, குடித்த நேரம்
• குடி, பீடி, சிகரெட், புகையிலை
• ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, சர்க்கரை, பி.பி. மாத்திரை, நாட்டு மருந்து (நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்)
• ஆடும் பல், கட்டிய பல்
• மருந்து ஒவ்வாமை, குடும்பத்தில் யாருக்காவது முன்பு மயக்க மருந்தால் பிரச்னை வந்திருந்தால் அது

நீங்களும் கேட்கலாம்

சின்ன நர்சிங் ஹோம்களில் மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வருவது சகஜம். "எனக்கு மயக்கம் கொடுக்கப்போவது யார்? ஆபரேஷனுக்கு முன்பே அவரிடம் பேச முடியுமா?" என்று கேட்பது உங்க உரிமை.

'சாப்பிட்டுட்டேன்'னு சொன்னால் திட்டு விழும், ஆபரேஷன் தள்ளிப்போகும், இன்னொரு நாள் கூலி போகும் என்ற பயம் நியாயம்தான். ஆனால் உண்மை தெரிந்தால் டாக்டர் நேரத்தை மாற்றலாம். அவசர ஆபரேஷன் என்றால் அதற்கேற்ற முன்னெச்சரிக்கையோடு மயக்கம் கொடுக்கலாம். தெரியாவிட்டால் எதுவுமே செய்ய முடியாது. பிரசாதத்தை எடுத்து வைக்கச் சொல்லுங்க. கண் விழித்த பிறகு, டாக்டர் சரி என்றதும் சாப்பிடலாம்.