மின்சாரம் வந்த பிறகும் ஓடாத ரயில்கள்

2025 மே 12ஆம் தேதி பிற்பகல் லண்டன் மாநகரின் உயர் அழுத்த மின்கட்டமைப்பில் ஒரு பழுது ஏற்பட்டது. மின்னழுத்தம் சற்றே சரிந்து, உடனே பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அவ்வளவு பெரிய நகரத்துக்கு இது ஒரு செய்தியே அல்ல. ஆனால் பேக்கர்லூ, ஜூபிலி, நார்தர்ன் முதலிய சுரங்க ரயில் தடங்கள் முடங்கின. கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துபோன கோளாறின் பலனைச் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்தவர்கள் அனுபவித்தார்கள். அதே ஊரில் 2003 ஆகஸ்ட் 28 மாலை நடந்ததையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அன்று தென் லண்டனில் மின்சாரம் போனது அரை மணி நேரத்துக்குச் சற்றே அதிகம். காரணம், 5 ஆம்பியர் பாதுகாப்பு ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) இருக்க வேண்டிய இடத்தில் யாரோ 1 ஆம்பியர் ரிலேயைப் பொருத்தியிருந்தார்கள். மின்சாரம் ஏழு மணிக்குள் திரும்பிவிட்டது. ரயில்கள் அப்படித் திரும்பவில்லை. லட்சக்கணக்கானவர்கள் வீடு போய்ச் சேர இரவாகிவிட்டது. சுரங்க ரயிலுக்கென்றே 1905 முதல் ஓடிக்கொண்டிருந்த லாட்ஸ் ரோடு மின்நிலையத்தை அதற்கு முந்தைய ஆண்டுதான் மூடியிருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. இரண்டு சம்பவங்களுக்கும் நடுவே இருபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. மின்தடையின் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்குச் சுருங்கிவிட்டது. பயணிகள் காத்துக்கிடக்கும் நேரம் மட்டும் இன்னமும் மணிக்கணக்கில்தான் இருக்கிறது. நெரிசல் மிகுந்த புறநகர்த் தடங்களில் கரண்ட் ஏன் போனது என்று விசாரணை வைக்கிறோம். வந்த பிறகும் ரயில் ஏன் ஓடவில்லை என்று அந்த அளவுக்குக் கேட்பதில்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ரயிலை இழுக்கும் மின்சாரம் வேறு, சிக்னலுக்குப் போகும் மின்சாரம் வேறு. தென் லண்டன் தடங்களில் தரையோடு ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது. ரயில் அதைத் தொட்டபடி ஓடுகிறது. சிக்னலுக்கான மின்சாரம் தடத்தை ஒட்டிய கேபிளில், பெரும்பாலும் 650 வோல்ட் மாறுமின்சாரமாகப் போகிறது. ஆங்காங்கே நிற்கும் இரும்புப் பெட்டிகளுக்குள் அதை 110 வோல்ட்டுக்குக் குறைத்து விளக்குகள், ரிலேக்கள், தடம் மாற்றும் கருவிகளின் கட்டுப்பாடுகள் எல்லாவற்றுக்கும் பகிர்ந்து தருகிறார்கள். ஒரு ரயில் தின்னும் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் இது சில்லறை. அந்தச் சில்லறை நின்றால், மூன்றாவது தண்டவாளத்தில் முழு மின்சாரம் இருந்தும் ஒரு ரயில்கூட நகராது. 1872இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தடச் சுற்று என்ற ஏற்பாட்டில் இதற்கான காரணம் இருக்கிறது. தண்டவாளத்தின் வழியே ஒரு மெல்லிய மின்னோட்டம் போய், மறுமுனையில் உள்ள ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் அந்தத் துண்டுக்குள் நுழைந்ததும் சக்கரங்களும் அச்சும் மின்னோட்டத்தைக் குறுக்கே மறித்துவிடும். ரிலே விழும்; சிக்னல் சிவப்பாகும். கேபிள் அறுந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், கரண்ட் போனாலும் ரிலே விழத்தான் செய்யும். மின்சாரம் இல்லை என்றால் எதிரே ரயில் நிற்கிறது என்றே இந்த ஏற்பாடு எடுத்துக்கொள்கிறது. விளக்கே எரியாத சிக்னலையும் ஓட்டுநர் சிவப்பாகத்தான் கருத வேண்டும் என்பது விதி.

விளக்கு எரியவில்லை என்பதற்காக ஆயிரக்கணக்கானவர்களை நிறுத்திவைப்பதா, ஓட்டுநருக்குக் கண் இல்லையா, மெதுவாக ஓட்டிப் போனால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 1988 டிசம்பர் 12 காலை, லண்டனின் கிளாபம் ஜங்ஷன் அருகே நடந்ததே இதற்குப் பதில். சிக்னல்களைப் புதுப்பிக்கும் வேலையில் கழற்றிய பழைய கம்பி ஒன்றை வெட்டி அப்புறப்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். அது பழைய இணைப்பைத் தொட்டு, மின்னோட்டம் இருக்கக் கூடாத ரிலேக்கு மின்னோட்டம் கொடுத்தது. எதிரே ரயில் நின்றுகொண்டிருக்க, சிக்னல் சிவப்புக்கு மாறவே இல்லை. 35 பேர் இறந்தார்கள். அந்த வேலையைச் செய்த தொழிலாளி அதற்கு முந்தைய 13 வாரங்களில் ஒரே ஒரு நாள்தான் விடுப்பு எடுத்திருந்தார் என்று விசாரணை அறிக்கை சொன்னது. நம் பக்கத்திலும் 2023 ஜூன் 2 அன்று சென்னையை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில் சரக்கு ரயில் நின்ற தடத்துக்குள் புகுந்தது. 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சிக்னல் சுற்றின் கம்பி இணைப்புகளை மாற்றியதில் நேர்ந்த தவறுகளையே ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை சுட்டியது. இரண்டு இடத்திலும் சிக்னல் நிற்கச் சொல்லவில்லை. போ என்று பொய் சொன்னது. கரண்ட் போய் எல்லாம் சிவப்பாவது இதற்கு நேர் எதிரானது. எரிச்சலூட்டும், ஆனால் உயிரை வாங்காது. ஆகவே ரயில் நின்றதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வடிவமைத்தவர்கள் நினைத்தபடியே அது நின்றது.

என் புகார் அதற்குப் பிந்தைய நேரத்தைப் பற்றியது. மின்சாரம் திரும்பிய கணத்தில் ஒரு தடம் எப்படி இருக்கும் என்று பாருங்கள். தடச் சுற்று உள்ள பகுதிகள் உடனே உயிர் பெற்றுவிடும். இப்போது பல இடங்களில் அதற்குப் பதிலாக அச்சு எண்ணும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். ஒரு துண்டுக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று எண்ணி, கணக்கு சரியானால் தடம் காலி என்று அவை சொல்லும். மின்சாரம் போய் எண்ணிக்கை தொலைந்தால், திரும்பிய பிறகும் ரயில் உள்ளே இருப்பதாகவே காட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு துண்டையும் விதிப்படி மீட்டமைத்து, முதல் ரயிலை எச்சரிக்கையோடு ஊர்ந்து போகவைத்துத் தடம் காலிதான் என்று உறுதிசெய்ய வேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் ரயிலை நகர்த்துவது இன்னும் மெதுவான வேலை. ஓட்டுநர் வானொலியில் கட்டுப்பாட்டு அறையை அழைக்க வேண்டும். சிவப்பைக் கடக்க அனுமதி பெற வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் போக வேண்டும். அடுத்த சிக்னலில் மறுபடி அதே அழைப்பு. பாயின்ட்டுகள் எனும் தடம் மாற்றும் கருவிகளை ஆள் போய்க் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளத்துக்குப் பக்கத்தில் குனிந்து செய்யும் வேலை இது. எப்போதாவது ஓரிரு ரயில்கள் போகும் கிளைத் தடத்தில் இதெல்லாம் சமாளிக்கக்கூடியதே. லண்டனை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்கும் தேம்ஸ்லிங்க் தடத்தின் நடுப்பகுதியோ மணிக்கு 24 ரயில்களுக்காகக் கட்டப்பட்டது, அதாவது இரண்டரை நிமிடத்துக்கு ஒன்று. அங்கே ஒரு ரயிலுக்கு ஐந்து நிமிடம் கூடுதலாகப் பிடித்தால் பின்னால் வரிசை கட்டும் ரயில்கள் நிலையங்களுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். ஓட்டுநர்களின் வேலை நேரம் முடிந்துபோகும். மாற்று ஆள் வேறு எங்கோ நின்ற ரயிலில் உட்கார்ந்திருப்பார்.

2019 ஆகஸ்ட் 9 இதையெல்லாம் வெட்டவெளிச்சமாக்கியது. அன்று சிக்னல் மின்சாரம் முக்கியக் குற்றவாளி அல்ல. ஆனாலும் நான் சொல்ல வருவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி ஆகப்போகும் நேரம். மின்வழித்தடம் ஒன்றில் இடி விழுந்தது. அடுத்த கணமே ஹார்ன்சீ கடல் காற்றாலையும் லிட்டில் பார்ஃபர்ட் எரிவாயு மின்நிலையமும் உற்பத்தியை இழந்தன. பிரிட்டனின் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து 48.8க்கு இறங்கியது. கட்டமைப்பு முழுவதும் விழுந்துவிடாமல் காப்பாற்றத் தானியங்கிக் கருவிகள் சுமார் 11 லட்சம் இணைப்புகளைத் துண்டித்தன. முக்கால் மணி நேரத்தில் எல்லோருக்கும் மின்சாரம் திரும்பிவிட்டது. ரயில்களுக்கு மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் அறுபடவே இல்லை. இருந்தும் 700, 717 என்ற வகைகளைச் சேர்ந்த சுமார் 60 புத்தம்புது ரயில்கள், அதிர்வெண் 49க்குக் கீழே போனதைப் பார்த்துத் தம்மைத் தாமே அணைத்துக்கொண்டன. ஏறக்குறைய பாதி ரயில்களை ஓட்டுநர்களே மீண்டும் கிளப்பினார்கள். மற்றவற்றில் புதிய மென்பொருள் ஏற்றப்பட்டிருந்தது. அதன்படி ஓட்டுநரால் கிளப்ப முடியாது. லாப்டாப்போடு தொழில்நுட்பர் நேரில் வர வேண்டும். லண்டனைச் சுற்றி நின்றுபோன ரயில்களை நோக்கி, நெரிசல் நேரத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய தொழில்நுட்பர்கள் புறப்பட்டார்கள். 371 ரயில்கள் ரத்தாயின. கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் உள்ளே விட இடமில்லாமல் கதவை மூட வேண்டியதாயிற்று. இடி விழுந்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. மீண்டும் கிளப்பும் அதிகாரத்தை ஓட்டுநர் கையிலிருந்து பிடுங்கியது மனிதர் எடுத்த முடிவு.

தாமதம்தானே, உயிர்ச்சேதம் இல்லையே என்று இதை லேசாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. 2018 மார்ச் 2 அன்று தென்கிழக்கு லண்டனின் லூயிஷம் அருகே பனி உறைந்த மூன்றாவது தண்டவாளத்தால் பல ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. நெரிசல், குளிர், கழிப்பறை வசதி இல்லாமை, ஒழுங்கான தகவல் இல்லாமை. பொறுமை இழந்த பயணிகள் கதவைத் திறந்து தடத்தில் இறங்கினார்கள், 750 வோல்ட் இருக்கிற தடத்தில். அதிர்ஷ்டவசமாக யாரும் சாகவில்லை. பிரிட்டனின் ரயில் விபத்து விசாரணைப் பிரிவு இதற்குத் தனி அறிக்கையே எழுதியது. ரயில் எதனால் நின்றது என்பது உள்ளே நிற்பவருக்கு ஒரு பொருட்டல்ல. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்குச் சிக்னல் கேபிளும் பனியும் ஒன்றுதான். பாதுகாப்புக்காக நின்ற ரயில் நீண்ட நேரம் நின்றால், அதுவே ஆபத்தாகிவிடுகிறது.

மின்சாரமே போகாமல் பார்த்துக்கொண்டால் இந்தப் பேச்சே எழாது, அதற்கு இரட்டை வழங்கலும் ஜெனரேட்டரும் பேட்டரியும் எல்லா இடத்திலும் வைக்க வேண்டும், அதற்குப் பணம் எங்கே என்பது ரயில்வே தரப்பின் வழக்கமான பதில். முக்கிய இடங்களில் இவை ஏற்கெனவே உண்டு. ஆனால் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. பேட்டரிக்கு வயதாகும், சுமை ஏற்றிச் சோதித்துப் பார்த்தால்தான் அது தாங்குமா என்று தெரியும். மேலும், சிக்னல் மின்சாரம் ‘திடீரென்று’ போவதில் பலவும் திடீரென்று போனவை அல்ல. அந்த 650 வோல்ட் கேபிள்கள் பல இடங்களில் வேண்டுமென்றே எர்த்தோடு இணைக்கப்படாமல் விடப்பட்டவை. ஓரிடத்தில் காப்புறை சேதமாகி எர்த் ஆனாலும் மின்சாரம் தொடர்ந்து ஓடும், ரயிலும் ஓடும். பொறியாளர்களின் கெட்டிக்காரத்தனம் இது. ஆனால் அந்த முதல் பழுதைத் தேடிச் சரிசெய்யாமல் விட்டால், எங்கோ இரண்டாவது எர்த் ஆகும்போது பகுதி முழுவதும் இருண்டுவிடும். காப்புறையைக் கண்காணிக்கும் கருவி முதல் பழுதின்போதே எச்சரிக்கை காட்டும். வாய்க்கால் கரையில் முதல் கசிவைப் பார்த்த அன்றே மண் போடாதவன், உடைப்பு எடுத்த பிறகு மழையைத் திட்டுவதில் பொருளில்லை. அந்த எச்சரிக்கையைப் பார்த்துப் பழுதைத் தேட இரவு நேரத்தில் ஆள் அனுப்புவதற்கு, புது மின்நிலையம் கட்டுகிற செலவு ஆகாது. நெரிசல் நேரத்தில் முக்கியச் சந்திப்புகளில் ஒரு தொழில்நுட்பரை நிறுத்திவைக்கவும் அவ்வளவு செலவு ஆகாது. நான் கேட்பது விலை குறைந்த விஷயங்களைத்தான்.

தடத்தோரச் சிக்னல்களே இல்லாமல் ஓட்டுநரின் திரையிலேயே அனுமதி வந்துவிடும் டிஜிட்டல் முறை இதற்குத் தீர்வு என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தேம்ஸ்லிங்க்கின் நடுப்பகுதியில் திரையில் அனுமதி தரும் முறை ஏற்கெனவே இயங்குகிறது. விளக்குக் கம்பங்களும் கேபிள்களும் குறையும் என்பது உண்மை. அறுபடும் இடங்களும் குறையும். ஆனால் கணினிகள் கூடும். மின்னழுத்தம் கண் சிமிட்டினால் பழைய ரிலே விழுந்து எழுந்துவிடும். கணினியோ அணைந்து, கிளம்பி, தன்னைச் சோதித்து, பக்கத்துக் கணினிகளோடு தொடர்பு பிடித்து, அதன் பிறகே வேலையைத் தொடங்கும். 2019இல் நின்றவை பழைய ரயில்கள் அல்ல, புதியவை என்பதை மறந்துவிடக் கூடாது. நவீனமாக்குவதை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு புதுக் கருவியை வாங்கும்போதும் இதை அணைத்துவிட்டால் எத்தனை நிமிடத்தில் மீண்டு வரும், யார் கையால் வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிச் சோதித்து வாங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இது நடக்காததற்குக் கணக்கு எழுதும் முறையும் ஒரு காரணம். பிரிட்டனில் குறிப்பிட்ட அளவைத் தாண்டும் ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு காரணமும் ஒரு பொறுப்பாளியும் குறிக்கப்பட வேண்டும். அதை வைத்தே நிறுவனங்களுக்குள் பணம் கைமாறுகிறது. ஒரு பழுதால் ஒரு ரயில் நின்று, அதன் பின்னால் நாற்பது ரயில்கள் தாமதமானால், அந்தத் தொடர் தாமதங்களும் முதல் பழுதின் தலையிலேயே எழுதப்படுகின்றன. யார் பணம் தருவது என்று தீர்மானிக்க இது நியாயமான முறை. ஆனால் ‘சிக்னல் மின்தடை’ என்ற ஒரே தலைப்புக்குள் பழுதின் பங்கும் மந்தமான மீட்பின் பங்கும் கலந்துவிடுகின்றன. மீட்புக்கு மூன்று மணி நேரம் எடுத்தவரும் முப்பது நிமிடத்தில் முடித்தவரும் எங்கே வேறுபட்டார்கள் என்பது வெளியே தெரிவதில்லை. தெரியாத ஒன்றைத் திருத்த யாருக்கும் அவசரம் இருக்காது.

எனவே ஒவ்வொரு பெரிய முடக்கத்துக்குப் பிறகும் ரயில் நிறுவனங்கள் இரண்டு நேரங்களைத் தனித்தனியாக வெளியிட வேண்டும். மின்சாரம் எத்தனை மணிக்குத் திரும்பியது என்பது ஒன்று. கால அட்டவணைப்படி ரயில்கள் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கின என்பது மற்றொன்று. முதலாவதற்கு மின்வாரியமோ இடியோ மழையோ காரணமாக இருக்கலாம். இரண்டுக்கும் இடையே கழிந்த நேரத்துக்கு ரயில்வேதான் பதில் சொல்ல வேண்டும்.